படியளக்கும் கடல்

வெப்பமண்டலக் கடலின் கண்ணாடித் தெளிவைக் கண்டு வியக்கிறோம். அந்தத் தெளிவு வறுமையின் நிறம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் சத்துகளும் அரிதாக இருப்பதால்தான் ஒளி அங்கே அத்தனை ஆழம் இறங்குகிறது. அந்த வறிய நீரின் நடுவேதான், கடல்தரையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில், கடலுயிர் இனங்களில் ஏறத்தாழக் கால்வாசிக்குப் புகலிடமாகப் பவளப்பாறைகள் எழுந்து நிற்கின்றன. 1842இல் சார்லஸ் டார்வின் பவளத்திட்டுகளின் தோற்றத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பாறை எழும்பும் விதம் விளங்கத் தொடங்கியது. ஒன்றுமில்லாதது போன்ற நீரில் இத்தனை வாய்களுக்கும் உணவு எங்கிருந்து வருகிறது என்ற வியப்போ அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

பவளம் என்று நாம் பார்க்கும் கல் ஒரு வீடு மட்டுமே. அதைக் கட்டியவை, பல இனங்களில் கடுகளவே இருக்கும் மெல்லிய உயிர்கள். ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள், உள்ளே ஒரு வயிறு. கண்ணில்லை, காலில்லை, மூளையுமில்லை. குஞ்சுப் பருவத்தில் நீரில் அலைந்துவிட்டு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால், ஆயுள் முழுவதும் அந்த இடமே கதி. அப்படி அசைய முடியாத உயிரைத் தேடிப் பகலெல்லாம் ஒளி வருகிறது. அதன் சதைக்குள், ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வாங்கிச் சர்க்கரையும் கொழுப்பும் சமைத்து, அதில் பெரும்பங்கைத் தங்க இடம் கொடுத்த உயிருக்கே அவை தந்துவிடுகின்றன. அது கழிக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தாம் ஏற்றுக்கொள்கின்றன. ஒன்று கழித்தது இன்னொன்றுக்கு உணவு. அதிகம் சிந்தாத இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் ஏழைக் கடலின் செல்வம் பெரிதும் இருக்கிறது.

ஆயினும் சர்க்கரை உயிரை ஓட்டும். உடலை வளர்க்கப் புரதம் வேண்டும். அதற்கென்றே இரவு வருகிறது. பொழுது சாய்ந்ததும் ஆழத்திலிருந்தும் பாறை இடுக்குகளிலிருந்தும் மிதவை உயிர்கள் மேலெழுகின்றன. அதே வேளையில், பகலெல்லாம் உள்ளிழுத்து வைத்திருந்த உணர்கொம்புகளைப் பல பவளங்கள் மலர்த்துகின்றன. அந்தப் பூப்போன்ற விரல்களில் நஞ்சு தோய்ந்த நுண்ணீட்டிகள் ஆயிரக்கணக்கில் சுருண்டு காத்திருக்கின்றன. பவளத்தின் உறவினமான ஹைட்ராவில் இந்த ஈட்டி பாயும் நேரத்தை அளந்து 2006இல் வெளியிட்டார்கள்: 700 நானோநொடி. ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறுக்குள் பாய்ந்து முடிந்துவிடுகிறது. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், லோ தீவுகளில் தங்கி ஆய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்ற மாரிஸ் யங், பவளங்கள் எதை உண்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்று பொறுமையாகப் பார்த்தார். அவர் சோதித்த பவளங்கள் சிறு விலங்குகளைப் பிடித்து உண்டன. தாவரத் துணுக்குகளைத் தள்ளிவிட்டன. கல்லென்று நாம் கடந்து போனது, ருசி அறிந்த ஒரு வேட்டை உயிர்.

எல்லா உயிருக்கும் படியளப்பவன் ஈசன் என்பார்களே, அதைச் சோதிக்க உமையவள் ஓர் எறும்பைச் சிமிழில் அடைத்து வைத்தாளாம். திறந்து பார்த்தபோது எறும்பின் அருகே ஓர் அரிசி மணி கிடந்ததாம். மதுரையில் மார்கழி அஷ்டமிச் சப்பரம் செல்லும் வீதிகளில் அரிசி இறைப்பது அந்தப் படியளப்பை நினைந்துதான். பவளத்தைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவரும் ஓர் உயிரைச் சிமிழுக்குள் வைத்தவரே. அங்கே கடலின் அலை இல்லை, இரவில் மேலெழும் மிதவைக் கூட்டம் இல்லை. கடல் அளந்துகொண்டிருந்த படி இப்போது மனிதக் கைக்கு வந்திருக்கிறது. அந்தக் கை கற்க வேண்டியது எவ்வளவு என்பதை இனித்தான் அறியப்போகிறோம்.

முதலில், வாய் அறிந்து ஊட்ட வேண்டும். மான்கொம்பு போல் கிளைக்கும் பவளங்களுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவே உயிர். அவற்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு கூட எட்டாத ரோடிஃபர் என்னும் மிதவை உயிர்கள் பொருந்தும். அவற்றைவிடச் சற்றுப் பெரிய வாய்களுக்கு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான, அன்றே பொரித்த ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகள். அந்த ஆர்டீமியாவே ஓர் அதிசயம்: உலர்ந்த தூசியாக ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்த முட்டை, உப்புநீர் பட்டதும் ஏறக்குறைய ஒரு நாளில் துள்ளும் உயிராகிறது. உள்ளங்கை அகலத்துக்குச் சதைப்பற்றோடு விரியும் பவளங்களோ ஒரு முழு மைசிஸ் இறாலையே விழுங்கும். நீரை வடிகட்டி உண்ணும் மென்பவளங்கள் சிலவற்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியே ஆகாரம். ஒரே தொட்டியில் அருகருகே நிற்கும் இரண்டு வாய்களுக்கு ஒரே உணவு பொருந்துவதில்லை.

அடுத்தது, வேளை அறிதல். பசித்தாலும் பவளம் கூப்பிடாது. ஆனால் அது வாசனையை அறியும். இரையிலிருந்து கசியும் புரோலின், குளூட்டாதயோன் போன்ற பொருள்கள் நீரில் துளி கலந்தாலே பல பவளங்கள் விழித்துக்கொள்கின்றன. அதனால் தேர்ந்தவர்கள் முதலில் உணவின் சாற்றை மட்டும் சிறிது விட்டுக் காத்திருக்கிறார்கள். விளக்கு தணிந்து, அலை எழுப்பும் பம்ப் நின்று, நீர் ஓய்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் உணர்கொம்புகள் ஒவ்வொன்றாக நீள்கின்றன, வாய் நெகிழ்கிறது. அதன் பிறகே நீண்ட பிப்பெட்டின் நுனியைச் சற்று மேலே பிடித்து, உணவை மெல்ல இறங்க விடுகிறார்கள். வேகமாகப் பீய்ச்சினால் பவளம் சுருங்கிவிடும். தாமதித்தால் மீன் பறித்துக்கொள்ளும். ஆகவே மீன்களுக்கு முன்னரே தீனி போட்டுவிடுவது வழக்கம்.

இந்தக் கலையின் கடுமையான ஆசான் சூரியப் பவளம். பெயரில் சூரியன், உடலில் ஒளியை உணவாக்கும் பாசி ஒன்றுகூட இல்லை. நிழலிலும் குகை விளிம்புகளிலும் செம்மஞ்சள் பூக்களாய் விரியும் அது, பிடித்து உண்பதை மட்டுமே நம்பி வாழ்கிறது. தொட்டியில் அதை வளர்ப்பவர் ஒரு கொத்தில் இருக்கும் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே ஊட்டுகிறார்.

எல்லாவற்றிலும் அரியது, நிறுத்தத் தெரிதல். உண்ணாமல் மிஞ்சியது தொட்டியை விட்டு எங்கும் போவதில்லை. அது அழுகி அம்மோனியாவாகி, பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகித் தங்குகிறது; பாஸ்பேட்டும் ஏறுகிறது. பாஸ்பேட் மிகுந்தால் பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவது தடைப்படும். வேண்டாத பாசி படர்ந்து அதை மூடும். அன்பின் பெயரால் அள்ளிப்போட்ட உணவு, ஊட்டப்பட்ட உயிரையே மூச்சுமுட்ட வைக்கிறது.

இதை ஒரு பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத காலத்துக்கு வந்துவிட்டோம். கடல் சூடாகும்போது பவளங்கள் தம் பாசிகளை இழந்து வெளுக்கின்றன. ஒளி தந்த உணவு நின்றுபோகிறது. அந்த நிலையிலும் ஹவாயின் ஒருவகைப் பவளம் வேட்டையைப் பெருக்கித் தன் தேவை முழுவதையும் ஈட்டிக்கொண்டதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃப்ளோரிடாவில் 2014 முதல் கொடிய திசுநோய் பரவியபோது, பவளங்களைக் கடலிலிருந்து எடுத்து அமெரிக்க நீர்க்காட்சியகங்களில் வைத்துக் காத்தார்கள். 2019இல் அங்குள்ள ஃப்ளோரிடா நீர்க்காட்சியகத்தில் தூண் பவளம், மனிதப் பராமரிப்பில் உலகிலேயே முதன்முறையாக இனப்பெருக்க அணுக்களைச் சொரிந்தது. இதையெல்லாம் படித்துக் கடலிலிருந்து ஒரு கிளையை ஒடித்துவர நமக்கு ஆசை எழலாகாது. மன்னார் வளைகுடா முதலாக நம் கடல்களின் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை.

பம்பும் கடிகாரமும் சோதனைக் குப்பிகளும் துணையிருக்க, விழிப்புள்ள ஒரு மனிதர் சில நூறு வாய்களுக்கு ஊட்டுவதற்குள் தடுமாறுகிறார். கடலோ கணக்கற்ற வாய்களுக்கு, ஒவ்வொன்றின் அளவும் வேளையும் தவறாமல், மிச்சமின்றி ஊட்டிவருகிறது. அந்த ஒழுங்கின் முன் நாம் தலைவணங்குவது மட்டும் போதாது; அதிலிருந்து ஈகையையும் கற்கலாம். கொடுப்பவரின் கை எவ்வளவு பெரியது என்பது கணக்கில் வராது. வாங்கும் வாய் எவ்வளவு சிறியது, அது எப்போது திறக்கும், எப்போது நிறையும் என்று பார்த்திருந்து கொடுப்பதே கொடை.