நான்கு உருளையா? எட்டு உருளையா?

“இந்தக் காருக்கு எத்தனை குதிரைத் திறன்?”

கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். எங்கள் விடுதி அறையிலும் சென்ற பருவத்தில் ஓர் இரவு இதே கேள்விதான் எழுந்தது. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தயாரிக்கும் ‘மஸ்டாங்’ என்னும் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிய பேச்சு அது. அதன் 2024-ஆம் ஆண்டு மாடலை வாங்குவோர் இரண்டு எஞ்சின்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். (அதிவேகச் சிறப்பு வகைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.) ஒன்று 2.3 லிட்டர் கொள்ளளவும் நான்கு உருளைகளும் டர்போ என்னும் காற்றழுத்தியும் கொண்டது, திறன் 315. மற்றது டர்போ இல்லாத 5 லிட்டர், எட்டு உருளை எஞ்சின்; திறன் 480. விலையில் பத்தாயிரம் டாலருக்குக் குறையாத வித்தியாசம்.

“பணம் உள்ளவன் 480-ஐ வாங்குவான். இல்லாதவன் 315-ஐ வாங்குவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நண்பர் ஒருவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் எங்கோ பிழை இருக்கிறது என்று தோன்றியது; எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதன் பயனே இக்கட்டுரை.

“கார் வாங்க வழியில்லாத உனக்கு ஏன் இந்த ஆராய்ச்சி?” என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வியாழன் கோளுக்கு நம்மில் யாரும் போகப் போவதில்லை. ஆயினும் அதன் நிலவுகளைப் பற்றித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம் அல்லவா?

எஞ்சினுக்குள் நடப்பது என்ன? உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. விரிவடையும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் கிராங்க் தண்டைத் திருப்புகிறது. இந்தத் திருப்பும் வலிமையைத்தான் திருப்பு விசை என்று முதலாண்டில் படித்தோம். திறன் என்பது வேறு. திருப்பு விசையைக் கோணத் திசைவேகத்தால் பெருக்க வருவது திறன். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துபோகும் இந்தச் சமன்பாட்டுக்குள்தான் நண்பரின் பிழை ஒளிந்திருந்தது.

நான்கு உருளை எஞ்சின் தன் உச்சத் திருப்பு விசையாகிய 475 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 3,000 சுழற்சியிலேயே தந்துவிடுகிறது. எட்டு உருளை எஞ்சினின் உச்சம் 563 நியூட்டன் மீட்டர்; அது கிடைப்பதோ 4,900 சுழற்சியில். அதன் புகழ்பெற்ற 480 குதிரைத் திறனைக் காண இன்னும் மேலே, 7,150 சுழற்சிக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் திருப்பு விசை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 480 குதிரைத் திறன் என்பது 358 கிலோவாட். 7,150 சுழற்சி என்பது விநாடிக்கு 749 ரேடியன். வகுத்தால் 478 நியூட்டன் மீட்டர் வருகிறது. விடையைக் கண்டதும் எங்கோ தவறிவிட்டேன் என்றெண்ணி மறுபடியும் வகுத்தேன். அதே விடைதான். சிறிய எஞ்சின் 3,000-இல் எவ்வளவு வலிமையோடு தண்டைத் திருப்புகிறதோ, ஏறத்தாழ அதே வலிமையோடுதான் பெரிய எஞ்சின் 7,150-இல் திருப்புகிறது! முன்னதன் அந்நேரத் திறன் 200 குதிரை. பின்னதன் திறன் 480. வித்தியாசம் முழுவதும் சுழற்சியில் இருக்கிறது, வலிமையில் இல்லை.

அப்படியானால் 480 என்பது வெறும் ஏமாற்றா என்றால், அதுவும் இல்லை. வேகமாகச் சுழலும் எஞ்சினைத் தாழ்ந்த கியரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரே சாலை வேகத்தில் 7,150 சுற்றும் எஞ்சினுக்கும் 3,000 சுற்றும் எஞ்சினுக்கும் உள்ள கியர் விகிதம் ஏறத்தாழ 2.4 மடங்கு. அந்த அளவுக்குச் சக்கரத்தில் இழுவை கூடும். ஆகவே பந்தயத் திடலில் முள்ளை மேலேயே நிறுத்தி ஓட்டுபவருக்கு 480 உண்மையிலேயே 480தான். ஆனால் அலுவலகத்துக்கும் கடைக்கும் போய்வருபவர் அந்த முள்ளை 7,000 பக்கம் எத்தனை முறை கொண்டுபோவார்? நெடுஞ்சாலையில் மேல் கியரில் போகும்போது எஞ்சின் சுமார் 2,000-ஐச் சுற்றியே இருக்கும். முன்னே போகும் வண்டியைத் தாண்ட மிதித்தால் 3,000-க்கும் 4,000-க்கும் வரும். அந்த இடத்தில் இரு எஞ்சின்களும் கிட்டத்தட்டத் தோளோடு தோள் நிற்கின்றன.

என் தந்தையார் லாரி ஓட்டுபவர். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது இரண்டு எஞ்சின்களின் வரைபடத்தையும் கைபேசியில் அவருக்குக் காட்டினேன். ஆங்கில எழுத்துகளை அவர் பார்க்கவே இல்லை. “மேட்டுல எந்தச் சுத்துல இழுக்குது?” என்றுதான் கேட்டார். கீழ்க்கோட்டில் சுழற்சி, மேல்நோக்கி இழுவை என்று நான் விளக்கியதும் நான்கு உருளையின் கோடு சட்டென எழும் இடத்தில் விரலை வைத்து, “இது நம்ம ஜாதி” என்றார். சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர்க் கணவாய் ஏறும் லாரிக்கு வேண்டியது குறைந்த சுற்றில் கிடைக்கும் வலிமை. அவர் ‘இழுவை’ என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் சொல்லைத்தான் நான் கல்லூரிக்கு வந்து திருப்பு விசை என்று எழுதக் கற்றிருக்கிறேன். அன்று இன்னொன்றும் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

சிறிய எஞ்சினுக்கு இந்த வலிமை எங்கிருந்து வருகிறது? எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஆனால் அதற்கு ஏற்ற காற்று இல்லாவிட்டால் எரியாது. உருளைக்குள் நுழையும் காற்றின் அளவே எஞ்சினின் எல்லை. பெரிய எஞ்சின் இந்த எல்லையைப் பெரிய உருளைகளாலும் அதிகச் சுழற்சியாலும் விரிவாக்குகிறது. சிறிய எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. வீணே வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பொருத்திய இன்னொரு சக்கரத்தால் புதுக் காற்றை அழுத்துவதே டர்போ. ஆல்ஃபிரட் பூகி என்னும் சுவிஸ் பொறியியலாளர் இதற்கு 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அழுத்தினால் காற்றுச் சூடாகும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. ஆகவே உள்ளே அனுப்புமுன் அதை ஒரு குளிர்விப்பான் வழியே செலுத்துகிறார்கள். இத்தனையும் சேர்ந்து லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 139 குதிரைத் திறனைத் தருகின்றன. பெரிய எஞ்சினில் லிட்டருக்குச் சுமார் 95தான்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. காலை மிதித்ததும் புகை பெருகி, சக்கரம் வேகமெடுத்து, காற்று அழுந்தி, அதன் பிறகே இழுவை வரும். இந்தத் தாமதத்தைக் குறைக்க, ஒன்றன் புகை மற்றொன்றன் வழியை மறிக்காதபடி உருளைகளை இரண்டிரண்டாகப் பிரித்து டர்போவுக்குள் விடுகிறார்கள். தாமதம் குறைகிறது, மறைந்துவிடுவதில்லை. எட்டு உருளையில் இந்தக் காத்திருப்பே கிடையாது. கால் அசைந்த அளவுக்கு எஞ்சின் பதில் சொல்லும். ஓட்டுவதையே இன்பமாகக் கருதுவோர் இதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்றால் நான் அவர்களைக் குறை கூற மாட்டேன்.

ஓசையும் அப்படியே. நான்கு உருளை எஞ்சினில் 3,000 சுழற்சியின்போது விநாடிக்கு 100 வெடிப்புகள்; எட்டு உருளையில் 200. அதோடு, அந்த எட்டும் இரு வரிசைகளாக நிற்கின்றன. ஒவ்வொரு வரிசையிலும் வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழ்வதில்லை. அமெரிக்க எட்டு உருளைக் கார்களுக்கே உரிய அந்தத் தடதடப்பு இதனால் பிறப்பதுதான்.

இனி, விளம்பரங்களில் காணாத ஒரு செய்தி. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றை அப்படியே குடிப்பது; காற்றுக் குறைந்தால் திறனும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே 480 குதிரைகளில் சுமார் 80 குதிரைகள் டென்வருக்கு வந்து சேரா. அதே மாநிலத்தின் பைக்ஸ் சிகரத்துக்கு, 4,300 மீட்டர் உயரத்துக்கு, கார்ச் சாலை போகிறது. அங்கே அழுத்தம் ஐந்தில் மூன்று பங்கு. உச்சியில் எட்டு உருளை எஞ்சினிடம் எஞ்சுவது சுமார் 290 குதிரை! டர்போவோ இன்னும் வேகமாகச் சுழன்று குறையின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மயாமி கடற்கரையில் வாங்குபவருக்கும் டென்வரில் வாங்குபவருக்கும் காகிதத்தில் ஒரே எண்தான். கைக்கு வருவது வேறு.

எடையிலும் நான்கு உருளைக் கார் ஏறக்குறைய 100 கிலோ குறைவு. அதில் பெரும்பகுதி முன் சக்கரங்களின் மேல் குறைவதால், வளைவில் மூக்கு எளிதாகத் திரும்பும். எரிபொருளில் நான்கு உருளை லிட்டருக்குச் சுமார் 11 கிலோமீட்டர். எட்டு உருளை 7.5 அளவில். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடினால் 850 லிட்டர் போல வித்தியாசம் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குழப்பம் மஸ்டாங்குக்குப் புதிதல்ல. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது அறிமுகமானபோது அடிப்படை எஞ்சின் 101 குதிரைத் திறனுள்ள ஆறு உருளைதான். அவ்வாண்டே 271 திறனுள்ள எட்டு உருளையும் விலைப்பட்டியலில் சேர்ந்தது. 1974 மாடலில் எட்டு உருளையை எடுத்தே விட்டார்கள். மறுஆண்டே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு 1984-இல் நடந்தது இன்னும் சுவையானது. 2.3 லிட்டர் நான்கு உருளையில் டர்போ பொருத்தி ‘எஸ்.வி.ஓ.’ என்னும் காரை விற்பனைக்கு விட்டார்கள். அதன் திறன் 175. அதே ஆண்டின் 5 லிட்டர் எட்டு உருளைக் காரின் திறனும் 175! ஆனால் சிறிய எஞ்சின் காருக்கே விலை பல ஆயிரம் டாலர் அதிகம். நல்ல நிறுத்தும் கருவிகள், நல்ல வில் அமைப்பு எல்லாம் இருந்தும் மூன்று ஆண்டுகளில் பத்தாயிரம் கார்கள்கூட விற்கவில்லை. நான்கு உருளைக்குக் கூடுதல் பணமா என்று மக்கள் ஒதுங்கிவிட்டார்கள். 2015-இல் டர்போ நான்கு உருளை மீண்டும் வந்தபோதுதான் அதற்குக் குறைந்த விலை வைக்கும் அறிவு பிறந்தது. நம் நாட்டுக்கு 2016-இல் மஸ்டாங் இறக்குமதியாகி வந்தபோது எட்டு உருளை மட்டுமே வந்தது. ஆகவே இங்கே வாங்கிய சிலருக்கு இந்தத் தலைவேதனை இருந்திருக்காது.

தந்தையார் சொன்ன மற்றொரு செய்திக்கு வருகிறேன். “டர்போ வண்டின்னா, மேடு ஏறி வந்ததும் சாவியைத் திருப்பிடக் கூடாது. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டுத்தான் நிறுத்தணும். வாங்கறவனுக்கு அந்தப் பொறுமை இருக்குதா?” என்றார். சூடான புகையில் சுழலும் அச்சுக்கு எண்ணெய்தான் உயிர். எஞ்சினை உடனே நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, எஞ்சிய எண்ணெய் அங்கேயே கருகும். இன்றைய கார்களில் தண்ணீர்க் குளிர்விப்பு இருப்பதால் அந்த அச்சம் பெரிதும் குறைந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். நம்பினாரா என்பது தெரியவில்லை. ஆனால் பந்தயத் திடலில் தொடர்ந்து சுற்றினால் அழுத்திய காற்றின் வெப்பம் ஏறிக்கொண்டே போய் டர்போ எஞ்சின் சோர்வடைகிறது என்பது உண்மை. அங்கே பெரிய எஞ்சினுக்கே நிதானம் அதிகம். இந்த ஒன்றை நான் வரைபடத்தில் கவனிக்கவில்லை; அதில் வெப்பத்துக்குக் கோடே இல்லை.

விடுதிக்குத் திரும்பியதும் நண்பரிடம் இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, நீ எதை வாங்குவாய்?” என்றார். டென்வரில் குடியிருந்து நாள்தோறும் ஓட்டுவதென்றால் தயக்கமின்றி நான்கு உருளை. கடற்கரை நகரில் இருந்துகொண்டு வார இறுதியில் மட்டும் பந்தயத் திடலுக்குப் போவதென்றால் எட்டு. பெரும்பாலோர் இந்த இரண்டும் அல்லர். அவர்களுக்கும் நான்கு போதும் என்றே என் கணக்குச் சொல்கிறது. ஆனால் 2024 மாடலில் கையால் கியர் மாற்றும் வசதியை எட்டு உருளைக்கு மட்டுமே வைத்திருக்கிறார்கள். நான்கு உருளை முழுக்கத் தானியங்கி. லாரிக்காரர் மகனுக்குக் கியர்த் தண்டு இல்லாத காரா? அந்த இடத்தில்தான் என் விடை இன்னும் தடுமாறுகிறது.