ஈரத் துணிக்கு பீரோ ஆகாது

வீட்டுக்குள் ஒழுங்கு – 17

போன வாரம் பட்டுப்புடவைகளைப் பற்றிப் பார்த்தோம். வருஷத்துக்கு நாலைந்து முறை வெளியே வந்து, மற்ற நாளெல்லாம் மடிப்புக்குள் இருக்கும் துணி அது. இந்த வாரம் எடுத்துக்கொள்வது அதற்கு நேர் எதிரானது. உடற்பயிற்சிக்கு உடுத்தும் துணி தினமும் நனைகிறது, துவைத்துக் காய்ந்து, மறுநாள் விடிவதற்குள் மறுபடி கைக்கு வந்தாக வேண்டும். ஆனால் நம் வீடுகளில் அதற்கென்று ஓர் இடம் கிடையாது. ட்ராக் பேண்ட் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். டி-ஷர்ட் நாற்காலியின் முதுகில் கிடக்கும். ஜிம்முக்குப் போகும் பையனின் துணி, ஸ்கூட்டர் டிக்கிக்குள் பையோடு சாயங்காலம் வரை வெந்துகொண்டிருக்கும். துவைத்ததையோ, பாதி காய்ந்த நிலையில் பீரோவில் பள்ளிச் சீருடைக்கும் வேட்டிக்கும் நடுவில் திணித்துவிடுகிறோம்.

அந்தக் காலத்தில் தேகப்பயிற்சிச் சாலைக்குப் போனவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. லங்கோடு பருத்தித் துணி. தண்டாலும் பஸ்கியும் முடிந்ததும் கிணற்றடியிலேயே அலசிப் பிழிந்து வெயிலில் போட்டார்கள். மறுநாள் எடுத்துக் கட்டினார்கள். துணி மாறியதால்தான் வைக்கும் முறையும் மாற வேண்டியிருக்கிறது. அதனால் முதலில் துணியைத் தெரிந்துகொள்வோம்.

உங்களிடம் இருக்கும் ஒரு லெக்கிங்ஸின் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது நைலான், அதோடு கொஞ்சம் எலாஸ்டேன் என்று போட்டிருக்கும். பருத்தி, காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அந்தக் கணக்கு அரை சதவீதம்கூட இல்லை. வியர்வையை அது குடிப்பதில்லை. இழைகளின் மேற்பரப்பில் பரவவிட்டுக் காற்றில் ஆவியாக்குகிறது. ஓடும்போது உடம்பு லேசாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் தண்ணீரை விரும்பாத இதே இழை, எண்ணெயை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். நம் தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை சாதாரண அலசலில் போகாமல் அதிலேயே தங்கிவிடுகிறது. கிருமிகளுக்கு அதுவே சாப்பாடு.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 26 பேரைக் கடுமையாக சைக்கிள் பயிற்சி செய்யவைத்து, அவர்களுடைய டி-ஷர்ட்களை வாங்கி 28 மணி நேரம் வைத்திருந்துவிட்டு, முகர்வதில் பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர் கடுமையாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற கிருமி வகை செயற்கை இழையில் செழித்து வளர்ந்திருந்தது. அந்த 28 மணி நேரத்தைக் கவனியுங்கள். ஸ்கூட்டர் டிக்கியில் பகல் முழுக்க, பிறகு அழுக்குக் கூடையில் ராத்திரி முழுக்க என்று நம் வீட்டில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே சோதனைதான். “எத்தனை தடவை துவைச்சாலும் போட்ட அஞ்சு நிமிஷத்துல வாடை வருது” என்று தாய்மார்கள் சொல்வது உண்மை. குறை சோப்பில் இல்லை. துவைப்பதற்கு முன்னால் மூடிக் கிடந்த நேரத்தில்தான் இருக்கிறது.

ஆகவே அலமாரியை ஒழுங்குசெய்வது அலமாரிக்கு வெளியே தொடங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் துவைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பச்சைத் தண்ணீரில் ஓர் அலசு அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காற்றில் தொங்கவிடுங்கள். அழுக்குக் கூடைக்குள் உருட்டிப் போடாதீர்கள். துவைக்கும்போதும் உள்பக்கம் வெளியே இருக்கட்டும், வியர்வை பட்டது அந்தப் பக்கம்தான். கடைசி அலசலில் ஊற்றும் வாசனை கண்டிஷனர் இந்தத் துணிகளுக்கு வேண்டவே வேண்டாம். அது இழைகளின் மேல் ஒரு மெழுகுப் படலம்போல் ஒட்டிக்கொண்டு, வியர்வையைப் பரப்பும் வேலையைக் கெடுக்கும். பழைய வாடையையும் உள்ளேயே பூட்டி வைக்கும்.

எலாஸ்டேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958-ல் உருவாக்கிய இழை இது. லைக்ரா என்று நாம் கேள்விப்படுவது இதன் வணிகப் பெயர். பல மடங்கு இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். சூடும் குளோரினும் இதற்கு ஆகாது. வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சிங், கொதிக்கும் தண்ணீர், இஸ்திரி மூன்றையும் தவிர்த்துவிட்டால் லெக்கிங்ஸ் முழங்காலில் தொளதொளவென்று ஆகாமல் நீண்ட நாள் வரும். ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டினால் தண்ணீரின் எடையே இழுத்துவிடும். கொடியில் குறுக்காகப் போடுவதே சரி.

இப்போது பீரோவுக்கு வருவோம். நம் இரும்பு பீரோ ஒரு பாதுகாப்புப் பெட்டகம். நகை, பத்திரம், பட்டு இவற்றைப் பூட்டி வைக்கச் செய்தது. காற்றை உள்ளே விடாமல் இருப்பது அதன் நோக்கத்துக்குப் பொருத்தம். அதனாலேயே தினமும் நனையும் துணிக்கு அது பொருந்தாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கிறது. அப்போது முக்கால்வாசி காய்ந்த ட்ராக் பேண்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், அதன் ஈரம் பக்கத்துத் துணிக்கும் போகும். பாலியஸ்டர் பூஞ்சைக்கு உணவல்ல, ஆனால் அதில் தங்கிய எண்ணெயும் தோல் துகளும் உணவு.

அதற்குப் பாச்சா உருண்டை போடுகிறோமே என்பார்கள். அதில் இருக்கும் நாப்தலீன் கம்பளியையும் பட்டையும் அரிக்கும் பூச்சிகளுக்கானது. வியர்வை வாடையைக் கிளப்பும் கிருமியை அது ஒன்றும் செய்யாது. வாடையின் மேல் இன்னொரு வாடையைப் போர்த்துவதோடு சரி. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும் என்பதால், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் துணிக்குள் போடவே கூடாது.

துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க நடுப்பகுதியைத் தொட்டால் போதாது. பாலியஸ்டர் சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும். இடுப்பு எலாஸ்டிக், தையல் மடிப்பு, பஞ்சு வைத்த இடம் ஆகியவற்றில் ஈரம் ஒளிந்திருக்கும். எலாஸ்டிக்கை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கொடியிலேயே இருக்கட்டும்.

வைப்பதற்கு என்ன வேண்டும்? கதவில்லாத ஒரு தட்டு. அது இல்லாவிட்டால் ஓட்டை ஓட்டையாக உள்ள ஒரு பிளாஸ்டிக் கூடை. சுவரோடு பதித்த மர வார்ட்ரோப் இருந்தால் ஒரு தட்டை இதற்கென்று விட்டு, அந்தக் கதவைப் பகலில் கொஞ்சம் திறந்து வையுங்கள். சட்டைகள் ஒரு அடுக்கு, பேண்ட்கள் ஒரு அடுக்கு என்று பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கடைக்காரருக்கு அந்த முறை சரி. நமக்கு வேண்டியது ஜோடி. டி-ஷர்ட்டை விரித்து, அதன் மேல் பேண்டை மடித்து வைத்து, உள்ளாடையும் சாக்ஸும் நடுவில் வைத்து ஒரே சுருட்டாகச் சுருட்டுங்கள். ஒரு சுருட்டு ஒரு நாளுக்கு. கை விட்டு ஒன்றை எடுத்தால் எல்லாம் வந்துவிடும்.

இது ஏன் முக்கியம் என்பதை எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் ஒரு பெண் மூலம்தான் நான் முழுதாக உணர்ந்தேன். இரண்டு குழந்தைகளின் தாய். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஏன் போவதில்லை என்று கேட்டேன். “அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடுதுக்கா. ஆனா துணி பெட்ரூம் பீரோல இருக்கு. கைப்பிடியத் திருகுனா கடகடன்னு சத்தம், லைட்டு போட்டா சின்னவன் எழுந்துடுவான். அவன் எழுந்துட்டா அப்புறம் எங்க நடக்கறது?” என்றாள்.

சோம்பல், மன உறுதி என்றெல்லாம் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவளுக்குத் தடையாக நின்றது ஒரு பீரோக் கைப்பிடி. ஹாலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் இருந்த தட்டைக் காலி செய்து, அவளுடைய சுருட்டுகளை அங்கே வைத்தோம். இப்போது இருட்டிலேயே எடுத்துக்கொண்டு, குளியலறையில் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். நம் வீடுகளில் பெண்ணுக்கு எட்டு மணிக்குமேல் தனக்கென்று நேரம் கிடையாது. விடியலில் கிடைக்கும் அந்த முக்கால் மணி நேரத்தைத் துணி தேடுவதில் தொலைக்கவிடக் கூடாது.

எத்தனை ஜோடி வேண்டும் என்பதைத் துவைக்கும் வழக்கமே முடிவு செய்யட்டும். தினமும் கையால் துவைக்கிற வீட்டில் மூன்று தாராளம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மெஷின் போடுகிறவர்களுக்கு ஐந்து. அதற்குமேல் இருப்பது இடத்தை அடைக்கும். மாரத்தானில் கொடுத்தது, அலுவலக விழாவில் கொடுத்தது என்று சேரும் டி-ஷர்ட்களில் உங்கள் அளவுக்குச் சரியானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள். இழுத்தால் திரும்பாத லெக்கிங்ஸை யாருக்கும் கொடுக்காதீர்கள், அதன் காலம் முடிந்தது. ஷூவையும் யோகா பாயையும் துணியோடு வைக்க வேண்டாம். இரண்டுமே தரையின் அழுக்கைச் சுமப்பவை.

கடைசியாக, பலர் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கும் விஷயம். ஸ்போர்ட்ஸ் பிரா. 1977-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள் சேர்ந்து முதல் மாதிரியை உருவாக்கினார்கள். விளையாட்டு வீரர்களான ஆண்கள் அணியும் இரண்டு ஜாக்ஸ்ட்ராப்களை ஒன்றாகத் தைத்துச் செய்தது அது. ஓட விரும்பிய பெண்ணுக்கு உடம்பு தடையாக இருக்கக் கூடாது என்பதற்காகப் பிறந்த துணி. அதை நம் வீடுகளில் எங்கே காயப்போடுகிறார்கள்? உள்பாவாடைக்கு அடியில், துண்டுக்குக் கீழே, குளியலறைக் கம்பியில். இரட்டைத் துணியும் பஞ்சும் அகல எலாஸ்டிக்கும் சேர்ந்த, எல்லாவற்றிலும் தாமதமாகக் காயும் துணியைக் காற்றே படாத இடத்தில் ஒளித்து வைக்கிறோம். மறுநாள் காலை ஈரத்தோடு போட்டுக்கொள்கிறார்கள். மார்பகத்துக்குக் கீழே அரிப்பு வருகிறது. வெளியே சொல்லக் கூச்சம். மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்குகிறார்கள். அதில் பல நேரம் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு அடங்கியதுபோல் தெரியும், படர்தாமரையோ பரவிக்கொண்டிருக்கும். எளிதில் ஆறாத படர்தாமரை சமீப வருஷங்களில் நாடு முழுக்கப் பெருகியிருப்பதாகத் தோல் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இப்படித் தானாக வாங்கிப் போடும் களிம்புகளை அவர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அப்படி வந்துவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ஆறும்வரை இறுக்கமான துணியை ஒதுக்கிவிட்டு, வெந்நீரில் துவைக்கக்கூடிய தளர்வான பருத்தியைப் போடுங்கள். அந்தத் துணியை மற்றவர் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்துத் தனியாக வையுங்கள்.

பொது மொட்டைமாடியில் காயப்போடக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களிடம் கூச்சப்படாதே என்று சொல்வது எளிது. அதைவிட ஓர் ஏற்பாடு செய்துகொடுப்பது உதவி. பால்கனியில் மடக்கு ஸ்டாண்ட் வைத்து, வெளிக்கம்பிகளில் துண்டும் லுங்கியும் போட்டு, உள்கம்பியில் ஒரு சாண் இடைவெளி விட்டு இதைப் போடலாம். கண்ணுக்கு மறைவாகவும் இருக்கும், காற்றும் படும். நிழலில் காய்ந்தால் போதும், கடும் வெயில் எலாஸ்டேனுக்கு நல்லதும் இல்லை.

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பனியன் தெருவைப் பார்த்துக் காய்கிறது, யாரும் எதுவும் சொல்வதில்லை. உங்கள் மனைவியின், மகளின் துணியும் அதே கொடியில் காய்வதற்கு நீங்கள்தான் முதலில் கை கொடுக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஒரு தட்டைக் காலி செய்து, “இது உனக்கு” என்று கொடுங்கள்.

அடுத்த வாரம்: பள்ளிச் சீருடை.

(தொடரும்)