ஏரியைக் கடந்து வரும் குருவிகள்

சென்ற வருடம் மே மாதம். இரவு வேலை முடிந்து வரும்போது, வழியிலுள்ள கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் கீழே மஞ்சள் குருவி ஒன்று செத்துக் கிடந்தது. கையில் எடுத்தேன், பாரமே தெரியவில்லை. கூட வேலைசெய்யும் நண்பர் ஒருவருக்குச் சொன்னேன். "உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் பொயின்ற் பீலிக்குப் போ" என்றார்.

அடுத்த ஞாயிறே பிள்ளைகளோடு புறப்பட்டோம். ரொறன்ரோவிலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். எரி ஏரிக்குள் கூராக நீண்டிருக்கும் மண்முனை அது. கனடாப் பெருநிலத்தின் தென்கோடி. 1918இல் தேசியப் பூங்காவானது. பரப்பு சுமார் 15 சதுர கிலோமீற்றர்தான். பெரும்பகுதி சதுப்பு நிலம், மிச்சம் காடும் மணலும். இந்தச் சின்ன இடத்தில் 390 இனங்களுக்கு மேற்பட்ட பறவைகள் பதிவாகியுள்ளன.

காரணம் ஏரிதான். குளிர்காலத்தை மத்திய, தென் அமெரிக்க நாடுகளில் கழித்த குருவிகள் வசந்தத்தில் வடக்கே வருகின்றன. இரவோடு இரவாக ஏரியைக் கடக்கின்றன. களைத்து வருபவற்றுக்கு முதலில் எட்டும் கரைகளில் இதுவும் ஒன்று. எதிர்க்காற்றும் மழையும் சேர்ந்தால் மணலிலேயே இறங்கிவிடும்.

காட்டுப் பாதையில், கைக்கெட்டும் உயரத்தில், நான் கையில் எடுத்த அதே மஞ்சள் குருவி! யெலோ வாபிளர் என்பது பெயர். எடை பத்துக் கிராம் அளவுதான். அது பறப்பதைப் பார்க்க மகன் கைதட்டினான். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் உதட்டில் விரல் வைத்தார். "இரவு முழுக்கப் பறந்திருக்கும். பாவம், சாப்பிடட்டும்" என்றார் மெதுவாக. அது இலையிலிருந்த புழுவைக் கொத்தியது. மகன் அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

சதுப்பு நிலத்தின் மேலே ஒரு கிலோமீற்றர் மரப்பலகைப் பாதை இருக்கிறது. தோளில் சிவப்பு நிறமுள்ள கரும்பறவைகள் புல்லின் நுனியில் இருந்து கத்தும்.

நீங்களும் போய்ப் பாருங்கள். மே மாத முற்பகுதியும் நடுப்பகுதியும் நல்ல காலம். விடியற்காலையே போய்விடுங்கள். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2018 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பாதையை விட்டு இறங்காதீர்கள், கல் எறியாதீர்கள்.

இன்னொன்று. இரவில் பறக்கும் குருவிகளை வெளிச்சம் திசைமாற்றிவிடும். பகலில் அவை கண்ணாடியில் மோதும். வசந்தத்திலும், அவை தெற்கே திரும்பும் இலையுதிர் காலத்திலும், தேவையில்லாத விளக்குகளை அணைத்துத் திரையை இழுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது மகனுடைய வேலை.