கிரகப்பிரவேச நாளும் மழைக்காலமும்

வாஸ்து புருஷன் ஆண்டில் எட்டு நாள்கள் மட்டுமே கண் விழிப்பதாகப் பஞ்சாங்கங்கள் குறிக்கின்றன. சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22 என்பன அந்நாள்கள். அன்றும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடங்கள்தாம் அவர் விழித்திருப்பார். பல் துலக்கல், நீராடல், பூஜை, உணவு, தாம்பூலம் என்னும் ஐந்து செயல்களுக்கும் தலா 18 நிமிடங்கள். உணவும் தாம்பூலமும் கொள்ளும் கடைசி 36 நிமிடங்களே மனை கோலுவதற்கு உகந்தவை என்பர். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கு மாதங்களும் அவருக்கு உறக்கம்.

இக்கணக்கு மனை வாங்கிக் கட்டுவோருக்கு உரியது. சென்னையில் இன்று பெரும்பாலோர் வாங்குவதோ அடுக்குமாடியில் ஒரு வீடு. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் திண்ணையும் முற்றமுமாக இருந்த வீடுகளின் இடத்தில் அடுக்குகள் எழும்பிவிட்டன. பூமி பூஜையைக் கட்டுமான நிறுவனத்தாரே முடித்துவிடுகின்றனர். வாங்குபவர் தம் விருப்பப்படி குறிக்க எஞ்சியிருப்பது கிரகப்பிரவேச நாள் ஒன்றுதான். ஆகவே நாள் பார்க்கும் அக்கறை முழுவதும் அதன்மேல் குவிகிறது.

சங்கடமும் அங்கேதான் தொடங்குகிறது. தையில் முகூர்த்தம் குறித்துப் பத்திரிகை அச்சிட்டு, வெளியூர் உறவினருக்கும் சொல்லியாயிற்று. வீட்டிலோ மின் இணைப்பு தற்காலிகமானது, லிப்ட் பொருத்தப்படவில்லை, பணி நிறைவுச் சான்றிதழ் வரவில்லை. பால் காய்ச்சும் நாள் நெருங்க நெருங்க, குடும்பத்தார் கடைசித் தவணையையும் செலுத்திச் சாவியைப் பெற்றுக்கொள்கின்றனர். அந்தத் தவணை கையில் இருக்கும்வரைதான் அவர்கள் சொல்லுக்கு எடை உண்டு. முகூர்த்தம் அடுத்த மாதமும் வரும். கொடுத்துவிட்ட பணத்தைக் காட்டி எவரிடமும் வேலை வாங்க இயலாது. சான்றிதழ் கைக்கு வந்த பின் சாஸ்திரிகளிடம் நாள் கேட்பதே முறையான வரிசை.

பணக் கணக்கையும் முன்கூட்டியே போட வேண்டும். ரூ.60 லட்சத்துக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை வாங்குவதாகக் கொள்வோம். ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதன்படி கிடைக்கக்கூடியது ரூ.48 லட்சம். மீதி ரூ.12 லட்சம் கைப்பணம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதத்துக்கு ரூ.5.40 லட்சம் தனி. இதற்கு மேல்தான் அலமாரி, பூஜை அறைக் கதவு, விருந்து எல்லாம். நகையை அடகு வைத்துக் கிரகப்பிரவேசம் நடத்தும் நிலை பெரும்பாலும் இந்த ரூ.5.40 லட்சத்தை மறந்ததால் நேர்வதே.

வங்கி கடன் தந்துவிட்டதால் பத்திரங்கள் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதை. தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி ஆகியவற்றைத் தம் சார்பில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பம். நிலத்தின் பிரிபடாத பங்கு எவ்வளவு என்பதையும் அவரிடமே கேட்கலாம். கட்டடம் ஒருநாள் முதுமை அடைந்து இடிக்கப்படும்போது பேரனுக்கு மிஞ்சுவது அந்தப் பங்குதான்.

வீடு பார்க்க ஏற்ற காலம் எது? பொங்கல் கழிந்து, வானம் வெளுத்த பின் செல்வோரே மிகுதி. அப்போது எந்த வீடும் அழகாகத்தான் தெரியும். சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் கோட்டூர்புரமும், 2023 டிசம்பரில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டை நகரம் மறந்திராது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கனமழைக்கு மறுநாள் சென்றால், தெருவில் தண்ணீர் நிற்கும் அளவு, குளியலறைச் சுவரின் ஈரம், வாகனம் நிறுத்துமிடத்தின் நிலை யாவும் கேட்காமலே தெரியவரும். தெருமுனைக் கடைக்காரரிடம், முன்பு தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அவருக்கு விற்பதற்கு வீடு எதுவும் இல்லை.

புது வீடாயின் சட்டம் ஐந்து மழைக்காலங்களைத் துணைக்குத் தந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ உள்ள குறையைத் தெரிவித்தால், நிறுவனம் 30 நாள்களுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஒவ்வொரு கார்த்திகையிலும் சுவர்களைச் சுற்றிப் பார்த்து, கசிவைப் படம் எடுத்து, எழுத்து மூலம் தெரிவிப்பது அவசியம். வாய்வார்த்தையாகக் காவலாளியிடம் சொல்லிவிட்டு ஐந்து ஆண்டுகளையும் கழித்துவிட்டோர் பலர்.

குடியேறிவிட்டவர்களுக்கு ஆடி மாதம் முக்கியமானது. சுப காரியம் இல்லை என்று ஒதுக்கப்படும் அம்மாதமே, பெருமழைக்கு முன் மொட்டைமாடியைச் செப்பனிட வாய்ப்பான காலம். முன்னாளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, கடுக்காய் நீர் தெளித்து, மேலே தட்டோடு பதித்தனர். இன்று ரசாயனப் பூச்சுகள் வந்துவிட்டன. எதுவாயினும், வடிகுழாய் வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்த்தளத்தில் கசிவு உண்டா என்று பார்த்த பின்பே வேலையாளுக்குப் பணம் தீர்க்க வேண்டும். மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் கூழாங்கல்லையும் மணலையும் கழுவிப் போட ஆவணிவரை பொறுக்கலாம்.

போகிக்கு முன் வீட்டுக்கு வர்ணம் அடிக்கும் வழக்கத்தில் மட்டும் சிறு மாற்றம் தேவை. சுண்ணாம்பு அடித்த காலத்தில் சுவரின் ஈரம் அதனூடே வெளியேறிவிடும். இன்றைய பிளாஸ்டிக் எமல்ஷன் அதற்கு எளிதில் இடம் தராது. மார்கழி ஈரத்தின்மேல் அடித்த வர்ணம் கொப்புளம் விட்டு உரிந்துவிடும். பொங்கலுக்கு வாசல்படியை மட்டும் புதுப்பித்து, வெளிச்சுவர்களை மாசி, பங்குனிக்கு விட்டுவைத்தால் செலவு வீணாகாது.

ஆலயங்களுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது மரபு. அப்போது கோபுரத்தில் வேரூன்றிய ஆலையும் அரசையும் அகற்றுவது பெரும் வேலை. வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரிலும் பறவை எச்சத்தால் அரசங்கன்று முளைக்கும். புனித மரமாயிற்றே என்று பிடுங்கத் தயங்கி விட்டுவைப்போர் உண்டு. வேர் சுவருக்குள் இறங்கிவிட்டால், வெட்ட வெட்டத் தளிர்த்து, விரிசலின் வழியே மழைநீரையும் உள்ளே அழைத்துவரும். இரண்டு இலை விட்ட பருவத்திலேயே, ஈரமான ஒரு காலையில் வேர் அறாமல் எடுத்துத் தொட்டியில் வைத்துத் தேற்றினால், ஆடிப்பெருக்கன்று கோயில் குளக்கரையில் நடுவதற்கு ஆகும்.