தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை

பணிமாறுதலில் மும்பை பாந்த்ராவுக்குக் குடிவந்த ஆண்டு, டிசம்பர் 24ஆம் நாள் மாலை, எதிர்வீட்டு அம்மையார் ஒரு தட்டுடன் எங்கள் வாசலில் நின்றார். கோவாவைப் பூர்விகமாகக் கொண்டவர். நம் சோமாசியைப் போன்ற நேவ்ரி, சுருள் வடிவக் குல்குல், பாதாம் மணக்கும் பிஸ்கட் எனத் தட்டு நிறைந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்து அண்டை அயலாருக்கு வழங்கும் இப்பலகாரங்களைக் கோவா, மங்களூர்க் கிறிஸ்தவர்கள் ‘குஸ்வார்’ என்பர். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று, பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலுடன் கொடுத்தோம். நான்கு ஆண்டுகள் இக்கொடுக்கல் வாங்கல் தடையின்றி நடந்தது.

சென்ற டிசம்பரில் அவருக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. “ஆன்ட்டியால் இந்த முறை மாவு பிசைய முடியாதே, அப்பா” என்று மகள் வருந்தினாள். பாதாம் பிஸ்கட்டையாவது நாமே செய்து கொடுப்போம் என்று முடிவு செய்தோம்.

முதல் முயற்சி தோற்றது. வெந்நீரில் ஊறவைத்துத் தோலுரித்த பாதாமை ஈரம் உலருமுன் மிக்ஸியில் நிறுத்தாமல் அரைத்தேன். எண்ணெய் விட்டு விழுதாயிற்று. மைதாவை டம்ளரால் அளந்தது அடுத்த பிழை. அலுவலகத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் உறங்காதவன், அடுக்களையில் உத்தேசமாக அளந்ததை எண்ணி நாணினேன்.

மறுநாள் தராசை எடுத்தோம். மைதா 150 கிராம், நன்கு உலர்த்தி விட்டுவிட்டு அரைத்த பாதாம் பொடி 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, கால் தேக்கரண்டி பாதாம் எசென்ஸ் சேர்த்தோம். இனிப்புப் பாதாமின் மணம் மெல்லியது. நாம் பாதாம் வாசனை என்று அறிவது பெரிதும் கசப்புப் பாதாமிலிருந்து கிடைக்கும் பென்சால்டிஹைடின் மணமே. அளவு மிகுந்தால் மருந்து நெடி அடிக்கும். பின்னர் மாவும் பொடியும் உப்பும் கலந்து, அழுத்திப் பிசையாமல் திரட்டி, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தோம். 15 கிராம் உருண்டைகளாக உருட்டித் தட்டினால் முப்பது பிஸ்கட்டுகள். முன்னரே 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓவனில் 12 முதல் 15 நிமிடம். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். சூட்டில் மென்மையாகவே இருக்கும், ஆறிய பின்னரே மொறுமொறுப்பாகும். முழுவதும் ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கலாம்.

அன்று மாலை நாங்கள் தட்டுடன் அவர் வாசலில் நின்றோம். இடக்கையால் ஒன்றை எடுத்துக் கடித்த அம்மையார், “எசென்ஸ் சற்றே கூடிவிட்டது” என்றார். பிறகு இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

புத்தாண்டன்று எங்கள் தட்டு திரும்பி வந்தது. அதில் பலகாரம் இல்லை. பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த, நட்சத்திர வடிவப் பிஸ்கட் அச்சு ஒன்று, காகிதத்தில் சுற்றப்பட்டு இருந்தது. இனி அது எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மகளிடம் சொன்னாராம்.

மணிக்கட்டு இப்போது தேறிவிட்டது. ஆயினும் இந்த டிசம்பரில் நட்சத்திரங்களை யார் செய்வது என்பதில் இரு வீட்டாருக்கும் ஐயமில்லை. எசென்ஸை மட்டும் அம்மையாரே அளந்து விடுவார்.