டப்பாவுக்கு முன் டேப்
பொலிகிடாவின் வீரியம் மருந்துக்கடையில் இல்லை, தீவனத் தொட்டியில் இருக்கிறது

புனே கேம்ப் கடைவீதியில் மட்டன் வாங்குபவருக்கு ஆடு என்பது கிலோ கணக்கு. வளர்ப்பவருக்கு அந்தக் கணக்கு கிடாவின் விந்தில் தொடங்குகிறது. 20 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா என்பது வழக்கம். பெட்டை சினைபிடிக்காவிட்டால் ஓர் ஈற்று நஷ்டம். கிடா சோடை போனால் மந்தைக்கே நஷ்டம்.

இந்தப் பயம்தான் தாது உப்பு, வைட்டமின் டப்பாக்களை வாங்க வைக்கிறது. பலன் உண்டா? உடலில் குறை இருந்தால் உண்டு. துத்தநாகம் குறைந்தால் விரை வளர்ச்சி தடைபடும். செலினியமும் வைட்டமின் ஈயும் விந்தணுவின் சவ்வைக் காக்கும். ஆனால் செலினியம் அளவு மிஞ்சினால் விஷம். விந்தணு உருவாக ஏறக்குறைய 7 வாரம் ஆகும். எனவே இணைசேர்ப்புக்கு 2 மாதம் முன்பே தீவனத்தைக் கவனிக்க வேண்டும். முந்தின நாள் ஊட்டுவது வீண்.

பலர் மறப்பது பருத்திக்கொட்டை. அதிலுள்ள காசிபால் அதிகமானால் விந்தணுவைக் கெடுக்கும். 1970களில் சீனாவில் இதையே ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்தார்கள். தானியம் மிஞ்சினால் கிடா கொழுக்கும், சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும்.

புனேயை அடுத்த சாத்தாரா மாவட்டத்தில், பல்டணிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் போயர் இன ஆடுகளைக் கொண்டுவந்தது. உறைவிந்து முறையில் ஒரே கிடா நூற்றுக்கணக்கான பெட்டைகளைச் சினையாக்கலாம். அதனால் நுண்ணோக்கியில் தேறிய விந்தையே உறைய வைப்பார்கள்.

சிறு மந்தைக்காரரிடம் நுண்ணோக்கி இல்லை. விதைப்பையின் சுற்றளவை அளந்து கிடாவைத் தேர்ந்தெடுக்க ஒரு டேப் போதும். அதன் விலை டப்பாவைவிடக் குறைவு.