எரிவாயுப் புகைப்பெட்டியைக் கரிக்கும் விறகுக்கும் மாற்றும் முறை

மீன் குட்டையோ நாட்டுக் கோழிப் பண்ணையோ வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு, விளைபொருளைப் புகையிட்டு விற்பது கூடுதல் வருவாய்க்கு ஒரு வழி. இதற்கென எரிவாயுவில் இயங்கும் நெட்டைப் புகைப்பெட்டியைப் பயன்படுத்துவோர் உண்டு. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களில் புரொப்பேன் வாயுவைக் கொண்டு பயன்படுத்தும் பெட்டி இது. நம் நாட்டுச் சமையல் வாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது என்பதால், இங்கும் அதே அமைப்புப் பொருந்தும். வேலை சுலபம். ஆனால் எரிவாயுச் செலவு பல இடங்களில் லாபத்தைத் தின்றுவிடுகிறது. சிலிண்டர் தீர்ந்த நாளில் பெட்டியும் சும்மா நிற்கிறது.

இத்தகைய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உள்ளூர் வெல்டிங் பட்டறையின் உதவியோடு அதை அடுப்புக்கரிக்கோ விறகுக்கோ மாற்றிக்கொள்ளலாம். ஆனால், பர்னரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கரியைக் கொட்டினால் மாற்றம் முடிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. அப்படிச் செய்தால் வெப்பம் தாறுமாறாக ஏறி மீன் கருகும்.

வாயுவுக்கும் கரிக்கும் உள்ள வேறுபாடு

எரிவாயு அடுப்பில் தீயை அடக்குவது வால்வு. வாயுவைக் குறைத்தால் தீ குறையும். அதற்குத் தேவையான காற்று தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக, பெட்டியின் அடிப்புறத்தில் பெரிய திறப்புகளை விட்டிருப்பார்கள். கரியில் நிலைமை தலைகீழ். எரிபொருள் முழுவதும் முன்கூட்டியே உள்ளே இருக்கிறது. அதற்கு எவ்வளவு காற்று கிடைக்கிறதோ அவ்வளவு வேகமாக அது எரியும். ஆகவே வாயுப் பெட்டியில் எரிபொருளை அடக்குகிறோம். கரிப் பெட்டியில் காற்றை அடக்க வேண்டும். மாற்றும் வேலை முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைகிறது.

லாபம் உண்டா?

ஒரு கிலோ சமையல் வாயு ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி வெப்பம் தரும். நல்ல அடுப்புக்கரி சுமார் 7,000 முதல் 7,500 வரையும், காய்ந்த விறகு சுமார் 3,500 முதல் 4,000 வரையும் தரும். அதாவது ஒரு கிலோ வாயுவுக்கு ஒன்றரை கிலோ கரி அல்லது மூன்று கிலோ விறகு சமம். வணிகத்துக்கான 19 கிலோ சிலிண்டரின் விலையை 28 ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் ஒரு கிலோ கரி அந்தத் தொகையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் மாற்றுவது லாபம். கிடைக்காவிட்டால் வாயுவிலேயே தொடர்வது நல்லது. கரி அடுப்பை ஒருவர் அருகிலிருந்து கவனிக்க வேண்டும் என்பதால், அந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும் முறை

நான்கு அடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பெட்டிக்குப் பொருந்தும் அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. பெட்டியின் அளவுக்கேற்ப இவற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

1. முதலில் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை அந்த இடத்திலிருந்து அகற்ற வேண்டும். பிறகு ரப்பர் குழாய், வால்வு, பர்னர் ஆகிய மூன்றையும் எடுத்துவிட வேண்டும். பர்னரை மட்டும் உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது.

2. பர்னருக்காக விடப்பட்ட எல்லாத் திறப்புகளையும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு மூட வேண்டும். இதற்கு ஜி.ஐ. தகடு எனப்படும் துத்தநாகம் பூசிய தகடு கூடாது. கடும் வெப்பத்தில் துத்தநாகம் நச்சுப் புகையாகும். கரிக் கூடை, சாம்பல் தட்டு ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

3. காற்று புக, அடிப்புறத்தில் முக்கால் அங்குலக் குழாய்த் துண்டுகள் மூன்றைப் பொருத்த வேண்டும். ஒன்றில் பந்து வால்வும் மற்ற இரண்டில் திருகு மூடியும் போதும். பெரிய மாற்றத்துக்கு மூடிகளையும், நுட்பமான மாற்றத்துக்கு வால்வையும் பயன்படுத்தலாம். இந்தக் குழாய்கள் கரிக் கூடையின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

4. துளையிட்ட கனத்த தகட்டில், 10 அங்குலச் சதுரமும் 6 அங்குல உயரமும் உள்ள கூடை ஒன்று செய்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு அங்குலக் கால்கள் வேண்டும். சாம்பல் கீழே உதிர்ந்தால்தான் கனலுக்குக் காற்று கிடைக்கும். கூடையின் அடியில் சாம்பல் தட்டு இருக்கட்டும். பெட்டியின் அடித்தகடு மெல்லியதாக இருந்தால், செங்கல் பரப்பி அதன் மேல் தட்டை வைக்க வேண்டும்.

5. பழைய தண்ணீர்த் தட்டைக் கழற்றக் கூடாது. கூடைக்கு மேல் நான்கு அங்குல இடைவெளியில் அது இருக்க வேண்டும். கனலின் நேரடிச் சூட்டைத் தடுப்பதும், மீனிலிருந்து வடியும் கொழுப்பு தீயில் விழாமல் காப்பதும் அதன் வேலை.

6. கதவின் ஓரங்களில் வெப்பம் தாங்கும் கண்ணாடி இழைக் கயிற்றை ஒட்ட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு உணவுப் பெட்டிக்கு ஆகாது. பிறகு உள்ளே சிறிது ஈர வைக்கோலைப் புகையவிட்டுப் பார்த்தால், காற்று கசியும் இடங்கள் தெரியும். அவற்றையும் அடைக்க வேண்டும்.

7. நடுத்தட்டின் உயரத்தில் கதவில் துளையிட்டு, முள் காட்டும் வெப்பமானியைப் பொருத்த வேண்டும். இது இல்லாமல் கரியில் புகையிடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது போன்றது.

எல்லாம் முடிந்ததும் உள்ளே பொருள் எதுவும் வைக்காமல், 130 டிகிரி செல்சியஸ் அளவில் மூன்று மணி நேரம் எரிக்க வேண்டும். தகட்டில் உள்ள எண்ணெயும் பூச்சின் நாற்றமும் அதில் போய்விடும்.

கரி அடுப்புக்காகப் பழைய எரிவாயு சிலிண்டரை வெட்டுவது சிலரிடம் உள்ள பழக்கம். இது உயிருக்கே ஆபத்து. காலி என்று தோன்றும் சிலிண்டரிலும் வாயு எஞ்சியிருக்கும். வெட்டும் தீப்பொறி ஒன்றே போதும். மேலும் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் உடைமை. அதை வெட்ட நமக்கு உரிமையில்லை.

தீ மூட்டி அடக்கும் பக்குவம்

கூடையில் இரண்டு கிலோ முதல் இரண்டரை கிலோ வரை பற்றாத கரியை நிரப்பி, நடுவில் சிறு குழி செய்ய வேண்டும். வெளியே நன்றாகக் கனிந்த எட்டுப் பத்துக் கனல் துண்டுகளை மட்டும் அந்தக் குழியில் இட வேண்டும். கரி கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றி, சுமார் நான்கு மணி நேரம் நின்று எரியும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அதன் வாடை மீனில் இறங்கிவிடும்.

மேலே உள்ள புகைபோக்கியை எப்போதும் முழுவதும் திறந்தே வைக்க வேண்டும். அதை அடைத்தால் கெட்ட புகை உள்ளே தேங்கிக் கசப்பேறும். வெப்பத்தை அடக்குவது கீழ்க் காற்றுக் குழாய்களால் மட்டுமே. வேண்டிய அளவுக்கு 15 டிகிரி குறைவாக இருக்கும்போதே காற்றைக் குறைக்கத் தொடங்க வேண்டும். எல்லை கடந்த பிறகு மூடினால், கனல் அடங்க வெகுநேரம் ஆகும். கதவை அடிக்கடி திறந்து பார்ப்பதும் கூடாது. திறக்கும்போதெல்லாம் கரிக்குக் காற்று கிடைத்து அது பொங்கி எரியும். வேலை முடிந்ததும் எல்லாக் குழாய்களையும் புகைபோக்கியையும் மூடிவிட்டால் கனல் அணைந்து, மிஞ்சிய கரி மறுநாளைக்கு உதவும்.

எந்தக் கரி, எந்த விறகு?

கரி வெப்பம் தரும். மணம் தருவது விறகு. ஆகவே கரியின் மேல் கைப்பிடி அளவுள்ள காய்ந்த விறகுத் துண்டுகள் இரண்டு மூன்று வைத்தால் போதும். துண்டுகளை நீரில் ஊறவைக்க வேண்டியதில்லை. ஊறிய விறகு முதலில் நீராவியைத்தான் கக்கும். தொடக்கத்தில் வரும் அடர்ந்த வெண்புகை கசக்கும். அது அடங்கி, மெல்லிய நீலப் புகை தெரிந்த பிறகே மீனை உள்ளே வைக்க வேண்டும்.

மா, கொய்யா, புளி ஆகிய மரங்கள் ஏற்றவை. தென்னந்தோப்பு உள்ளவர்கள் சிரட்டைக் கரியைப் பயன்படுத்தலாம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேல மூட்டக் கரி எளிதில் கிடைக்கும். நம் நிலத்தைக் கெடுக்கும் களை என்று நாம் வெறுக்கும் இந்த மரத்தின் நெருங்கிய இனமான மெஸ்கீட் மரத்தைத்தான், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இறைச்சியைப் புகையிட விரும்பி வாங்குகிறார்கள். அதன் புகை காரமானது என்பதால், விறகாக இடும்போது அளவு குறைவாக இருக்க வேண்டும்.

வேம்பு, யூகலிப்டஸ், சவுக்குடன் கலந்து வரும் பழைய பலகை, பிளைவுட், பெயின்ட் அடித்த மரம், மருந்தூட்டிய மரம் ஆகியவை வேண்டாம். அரளி, எட்டி ஆகிய நச்சு மரங்களைத் தொடவே கூடாது. முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெய் புண்ணாக்கும் தன்மை உடையது என்பதால் அதுவும் ஆகாது.

முழுவதும் விறகில் எரிக்க விரும்பினால்

விறகைப் பெட்டிக்குள்ளேயே எரிக்கக் கூடாது. காற்றை அடக்கினால் விறகு கரும்புகை கக்கும். அடக்காவிட்டால் தீ நாக்கு மீனைத் தொடும். ஆகவே பெட்டியின் பக்கத்தில், அதைவிடத் தாழ்வாக, செங்கல்லால் ஒரு சிறு அடுப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து 6 அங்குல இரும்புக் குழாய் மேல் நோக்கிய சரிவில் பெட்டியின் அடிப்பாகத்தில் சேர வேண்டும். குழாயின் நீளம் இரண்டு அடிக்கு மேல் போக வேண்டாம். பெட்டியின் மற்ற காற்றுக் குழாய்கள் மூடியிருக்க வேண்டும். விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள விறகைச் சிறுகச் சிறுக இட்டு, சுடர் விட்டு எரியும் சிறு தீயாகக் காக்க வேண்டும்.

கொழுப்பு தீயில் விழுந்து எரிவதும், விறகு கடும் வெப்பத்தில் எரிவதும் பென்சோபைரீன் முதலிய புற்றுநோய் தரும் பொருள்களை உண்டாக்கும். இவற்றைக் குறைப்பதற்கான செய்முறை நெறிகளை சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2009 ஆம் ஆண்டு வெளியிட்டது. தீயை உணவிலிருந்து பிரித்து வைப்பது அவற்றில் முக்கியமானது. தனி அடுப்பும் தண்ணீர்த் தட்டும் அந்த வேலையைச் செய்கின்றன.

மீனைப் பக்குவப்படுத்துதல்

சுத்தம் செய்து பிளந்த மீனை, ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் உப்பு என்ற அளவில் கரைத்த நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஊறவைக்க வேண்டும். பிறகு நிழலில் மேல்தோல் காயும் வரை வைத்தால் புகை நன்றாகப் பிடிக்கும். பெட்டியில் 80 முதல் 110 டிகிரி வரை வெப்பம் இருக்கலாம். மீனின் தடித்த பாகத்தின் உள்ளே குறைந்தது 63 டிகிரி வெப்பம் அரை மணி நேரம் நிற்க வேண்டும். கோழியானால் உள்ளே 74 டிகிரியை எட்ட வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானியால் இதை அறியலாம்.

புகையிட்ட மீன் கருவாடு அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் செய்யப்படும் மாசிக் கருவாடு, சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டையாக இறுகும் வரை வெயிலில் காயவைத்தது. அதனால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். மேலே சொன்ன முறையில் செய்த மீனில் ஈரம் மிகுதி. அதை ஆறவைத்து உடனே குளிர்சாதனப் பெட்டியில் 3 டிகிரிக்குள் வைக்க வேண்டும். காற்று புகாத பையில் அடைத்து வெளியில் வைத்தால் உயிரைப் பறிக்கும் கிருமி நச்சு உண்டாகலாம். விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

எச்சரிக்கை

கரிப் பெட்டியை வீட்டுக்குள்ளோ, மூடிய கொட்டகையிலோ, மழைக்கு ஒதுங்கிய தாழ்வாரத்திலோ வைத்து எரிக்கக் கூடாது. கனலிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருவது போலவே ஆளை வீழ்த்திவிடும். ஓலைக் கூரையிலிருந்தும் வைக்கோல் போரிலிருந்தும் தள்ளி, திறந்த வெளியில், மண் தரையிலோ கல் தரையிலோ பெட்டி நிற்க வேண்டும். அருகில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி நீரும் இருக்கட்டும். சாம்பலை முழுவதும் ஆறவிட்ட பின்பே குப்பைக் குழியில் கொட்ட வேண்டும்.

காற்றை அடக்கக் கற்றுக்கொண்டவருக்கு, கரி அடுப்பும் வாயு அடுப்பைப் போலவே சொன்ன பேச்சைக் கேட்கும். முதல் இரண்டு மூன்று தடவை குறைந்த அளவு மீனை வைத்துப் பழகி, கை படிந்த பிறகு முழு அளவில் தொடங்குவது நல்லது.